மருத்துவ ஆய்வு மக்கள் மொழிக்கு வந்த வழி: பிரிட்டனின் அனுபவம்

மருத்துவ ஆய்வின் முடிவைச் சாதாரண மனிதருக்கும் விளங்கும்படி எழுதித் தருவது இன்று பிரிட்டனில் ஆய்வாளரின் விருப்பத்தைப் பொறுத்த காரியம் அல்ல. அரசுப் பணத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பிப்பவர், தாம் எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார், அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பதை எளிய ஆங்கிலத்தில் விண்ணப்பத்திலேயே எழுதியாக வேண்டும். ஆய்வு முடிந்து வெளிவரும் அறிக்கையிலும் அத்தகைய சுருக்கம் இடம்பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துப் பரிசோதனைகளுக்கு இது சட்டமாகவே ஆகியிருக்கிறது. ஆனால் 1948-இல், இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற மருந்துப் பரிசோதனை ஒன்றின் முடிவு பிரிட்டனில் வெளிவந்தபோது, அதில் மருந்து பெறாத நோயாளிகளுக்குத் தாங்கள் ஒரு பரிசோதனையில் இருப்பதே கடைசிவரை தெரியாது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றில் இரண்டு இழைகள் ஓடுகின்றன. ஒன்று, கலைச்சொற்களைக் களைந்து எழுதும் மொழி. மற்றொன்று, நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லும் அளவு. முதலாவது ஓரளவு விரைவில் கைகூடியது. இரண்டாவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது; அதற்கு மக்கள் கொடுத்த விலையும் பெரிது.

முன்வரலாறு

லண்டன் மருத்துவர் கல்லூரி 1618-இல் வெளியிட்ட மருந்து நூல் இலத்தீனில் இருந்தது. எந்த மருந்தில் என்ன சேர்கிறது என்பது இலத்தீன் கற்ற சிலருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. 1649-இல் நிக்கலஸ் கல்பெப்பர் கல்லூரியின் அனுமதியின்றி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கல்லூரி கொதித்தது. மருத்துவரை அழைக்கப் பணமில்லாதவர்களுக்காகவே அவர் எழுதினார். 1652-இல் வெளிவந்த அவருடைய மூலிகை நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. 1769-இல் எடின்பரோவில் வில்லியம் புக்கன் வெளியிட்ட வீட்டு மருத்துவ நூலும் பல பதிப்புகள் கண்டு வீடுதோறும் சென்றது. இவை மருத்துவ அறிவைப் பரப்பிய நூல்கள். சோதித்துக் கண்ட முடிவைப் பரப்புவது இதிலிருந்து வேறுபட்ட வேலை.

அந்த வேலை நடக்காமற்போனதற்கு ஜேம்ஸ் லிண்டின் நூல் பழைய சான்று. 1747-இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார் லிண்ட். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். ஆனால் 1753-இல் வெளிவந்த அவருடைய நூலின் 400-க்கு மேற்பட்ட பக்கங்களுக்கு நடுவில் இந்தச் சோதனைக்குச் சில பத்திகளே கிடைத்தன. சோதனையின் உட்பொருளை லிண்டே தெளிவாக வலியுறுத்தவில்லை. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றது 1795-இல்தான். தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் முடிவு எங்கே, எப்படி எழுதப்பட்டது என்பதும் அவற்றுள் ஒன்று.

புகையிலையும் ஒரு சிறு நூலும்

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் நடத்திய பரிசோதனையின் முடிவு 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் தேர்வுக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிக்கச் செய்திருந்தார். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். எவருக்கும் விளங்கக்கூடிய எண்கள் இவை. ஆயினும் அவற்றை நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வு மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. மருத்துவர் வழியே அதன் பயன் மக்களை எட்டும் என்பதே அக்கால நம்பிக்கை.

புகைபிடித்தல் பற்றிய ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ரிச்சர்ட் டாலும் ஹில்லும் 1950-இல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். இங்கே மருத்துவர் எழுதித் தர மருந்து எதுவும் இல்லை. மக்கள் தாங்களே அறிந்து, தாங்களே விட வேண்டும். அரசோ தயங்கியது. 1954 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியாட் செய்தியாளர்களைச் சந்தித்து இத்தொடர்பை ஒப்புக்கொண்டபோது, அவர் கையிலேயே சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

எட்டாண்டு கழித்து, 1962 மார்ச்சில், அரச மருத்துவர் கல்லூரி 'புகைபிடித்தலும் உடல்நலமும்' என்ற அறிக்கையை வெளியிட்டது. கல்பெப்பரைச் சினந்த அதே கல்லூரி இப்போது பொதுமக்களுக்காகவே எழுதியது. அதைத் தயாரித்த குழுவின் செயலாளர் சார்லஸ் ஃப்ளெச்சர் பொதுமக்களிடம் பேசத் தெரிந்தவர். 1958-இல் பிபிசி தொலைக்காட்சியில் மருத்துவமனைகளின் உள்ளே நடப்பதைக் காட்டிய தொடர் ஒன்றை வழங்கியவர். நோயாளிகள் அஞ்சிப்போவார்கள் என்று மருத்துவர் சமூகத்தின் கண்டனத்தை அதற்காக வாங்கிக்கொண்டவர். அறிக்கை சிறியது, விலை குறைந்தது, படங்களும் வரைபடங்களும் கொண்டது. பத்திரிகையாளர்களை அழைத்து அதை வெளியிட்டார்கள். பிரிட்டனில் மட்டும் 30,000 படிகளுக்கு மேல் விற்றது. மருத்துவ அறிக்கை ஒன்று கடையில் விற்கும் நூலாக மாறியது புதுமை. 1965-இல் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது.

இந்த வெற்றி பின்வந்தவர்களுக்கு ஒரு முன்மாதிரி ஆயிற்று. அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. புகையிலையைப் பொறுத்தவரை சான்றுகள் ஒரே பக்கம் நின்றன. ஆகவே தெரிவிப்பதும் இணங்கவைப்பதும் ஒன்றாகவே இருக்க முடிந்தது. பெரும்பாலான சிகிச்சைகளும் பரிசோதனைகளும் அப்படிப்பட்டவை அல்ல. சிலருக்கு நன்மை, சிலருக்குத் தீமை, பலருக்கு எதுவும் இல்லை என்பதே அவற்றின் இயல்பு. அவற்றையும் புகையிலையைச் சொன்ன தொனியிலேயே சொல்லப் போனபோது தவறுகள் நேர்ந்தன.

சிதறிய ஆய்வுகளைத் திரட்டியவர்கள்

எளிதாகச் சொல்வதற்கு முன் எதைச் சொல்வது என்பது தெளிவாக வேண்டும். ஒரே சிகிச்சை பற்றிப் பத்து ஆய்வுகள் பத்து விதமாகச் சொல்லும்போது எந்த ஒன்றை மக்களிடம் கொண்டுபோவது? ஸ்காட்லாந்தில் பிறந்து வேல்ஸில் பணியாற்றிய ஆர்ச்சி காக்ரேன் 1972-இல் எழுதிய சிறு நூல், பிரிட்டிஷ் சுகாதாரத் துறை பயனறியாத சிகிச்சைகளுக்குச் செலவிடுவதைச் சாடியது. 1979-இல் அவர் இன்னொரு குற்றச்சாட்டை வைத்தார்: ஒவ்வொரு துறையிலும் நடந்த எல்லாச் சோதனைகளையும் ஆராய்ந்து திரட்டி, அவ்வப்போது புதுப்பிக்கும் ஏற்பாட்டை மருத்துவத் தொழில் செய்யவே இல்லை என்றார்.

அந்த ஏற்பாட்டை முதலில் செய்தது மகப்பேறு மருத்துவம். ஆக்ஸ்ஃபோர்டில் 1978-இல் தொடங்கிய பேறுகால ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் சாமர்ஸ், தம் சகாக்களுடன் கர்ப்பகால, பிரசவகாலச் சிகிச்சை பற்றிய சோதனைகளைத் தேடித் திரட்டினார். 1989-இல் இரு பெரும் தொகுதிகளாக அது வெளிவந்தது. அதே ஆண்டில் அதன் சாரத்தைச் சிறிய மலிவுப் பதிப்பாகவும் கொண்டுவந்தார்கள். எந்தச் சிகிச்சை பயனுள்ளது, எது தீங்கானது, எதைப் பற்றி இன்னும் தெரியவில்லை என்ற பட்டியல்கள் அதன் இறுதியில் இருந்தன. 'தெரியவில்லை' என்பதற்குத் தனி இடம் கொடுத்தது அந்நூலின் பெரிய துணிச்சல். பிரசவம் பற்றிக் கேள்வி கேட்கும் பெண்கள் அமைப்புகள் பிரிட்டனில் 1950-களின் இறுதியிலிருந்தே வலுப்பெற்றிருந்ததால், அதைக் கையில் எடுக்க வாசகர்களும் காத்திருந்தனர்.

குறைமாதப் பிரசவம் நேரும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி ஆகிய இருவரும் 1972-இல் காட்டினர். அதன்பின் நடந்த சோதனைகளும் சேர்த்துப் பார்த்தபோது அதையே சொல்லின. ஆனால் தனித்தனி ஆய்வுகளாகப் பார்த்த மகப்பேறு மருத்துவர்கள் பலருக்கு 1990 வரையிலும் ஐயம் தீரவில்லை. குழந்தைகள் வீணாக இறந்தனர். காக்ரேன் கேட்ட திரட்டுப் பணிக்காக 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரில் திறந்த மையமும், 1993-இல் பன்னாட்டு அமைப்பாக விரிந்த காக்ரேன் கூட்டமைப்பும் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் வரைபடத்தையே தங்கள் சின்னமாக ஏற்றுக்கொண்டன. திரட்டாமல் விட்டதன் விலையை நாள்தோறும் நினைவூட்டும் சின்னம் அது.

இந்தக் கூட்டமைப்பில் தொடக்கத்திலிருந்தே நோயாளிகளும் பயனர்களும் உறுப்பினர்களாக இருந்தனர். ஆஸ்திரேலியாவில் பிரசவ உரிமைக்காகப் பாடுபட்ட ஹில்டா பாஸ்டியன் அவர்களுள் முக்கியமானவர். மருத்துவர் அல்லாத அவர் காக்ரேன் பயனர் வலையமைப்பை வழிநடத்தினார். ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எழுதும் திறனாய்வுகள் ஒவ்வொன்றும் பல பத்துப் பக்கங்கள் நீளும். புள்ளியியல் தெரியாதவருக்கு அவை திறக்காத கதவு. ஆகவே ஒவ்வொரு திறனாய்வுக்கும் சில வரிகளில் பயனர் சுருக்கம் எழுதும் பழக்கம் தொடங்கியது. பின்னாளில் 'எளிய மொழிச் சுருக்கம்' என்று பெயர் பெற்றது இதுவே. நிறுவனத்தின் செய்தித் துறை எழுதித் தந்த பிரசுரமாக இல்லாமல், ஆய்வு தங்களைப் பற்றியது என்று உணர்ந்தவர்கள் கேட்டுப் பெற்ற வடிவமாக அது பிறந்தது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

இருமடங்கு என்ற சொல்

1995 அக்டோபர் 18 அன்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் அவசர எச்சரிக்கையை வெளியிட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் அபாயத்தை ஏறத்தாழ இருமடங்கு ஆக்குகின்றன என்றது அது. எச்சரிக்கைக் கடிதம் பல மருத்துவர்களின் கைக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அன்றிரவே பதறிய பெண்கள் மறுநாள் மருத்துவரைக் கேட்டபோது, அவரிடமும் பதில் இல்லை. பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினர்.

'இருமடங்கு' என்பதில் பொய் இல்லை. எதன் இருமடங்கு என்பதைத்தான் தலைப்புகள் சொல்லவில்லை. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் பின்னர் இதை இப்படி விளக்கினார்: பழைய வகை மாத்திரை உண்ணும் 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது, புதிய வகையில் 7,000-இல் இருவருக்கு. கூடுதல் அபாயம் 7,000 பேரில் ஒருவர். கர்ப்பமும் பிரசவமும் தாமே ரத்தம் உறைதலை இதைவிடக் கூடுதலாக உண்டாக்குகின்றன. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்படுகிறது. எச்சரிக்கை எளிய சொற்களில்தான் இருந்தது. அதில் படிப்பறிவு குறைந்தவருக்கும் விளங்காத சொல் எதுவும் இல்லை. சொல் எளிமையாக இருந்தும் பொருள் தவறாகப் போய்ச் சேர முடியும் என்பதை இவ்வளவு கொடுமையாகக் காட்டிய நிகழ்ச்சி வேறொன்று இல்லை.

மூன்றாண்டுகளுக்குள் இன்னொரு பீதி வந்தது. 1998 பிப்ரவரியில் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து ஐயம் கிளப்பினார் வேக்ஃபீல்ட். பன்னிரண்டே குழந்தைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது என்ற இரண்டு செய்திகளைச் சாதாரண வாசகர் எடைபோட முடிந்திருந்தால் கட்டுரைக்கு இவ்வளவு வலு வந்திராது. பத்திரிகைகளோ பல ஆண்டுகள் இரு தரப்பும் சமம் என்பது போல் எழுதின. 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் 92 விழுக்காடாக இருந்த எம்எம்ஆர் தடுப்பூசி அளவு 2003-04-இல் 80 விழுக்காட்டுக்கு இறங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மை மறுபடி நிலைகொண்டுவிட்டதாக 2008-இல் அறிவிக்கப்பட்டது. கட்டுரையை லான்செட் திரும்பப் பெற்றது 2010-இல். அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

நோயாளிகளின் குரல்

மார்பகப் புற்றுநோயின் தொடக்க நிலை கண்டறியப்பட்ட ஹேசல் தார்ன்டன் என்ற பெண்மணி 1991-இல் ஒரு சிகிச்சைப் பரிசோதனையில் சேர அழைக்கப்பட்டார். தரப்பட்ட விளக்கம் முடிவெடுக்கப் போதாது என்று கருதி மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், நோயாளியின் பார்வையில் பரிசோதனைகள் எப்படித் தோன்றுகின்றன என்று 1992-இல் லான்செட்டில் எழுதினார். ஆய்வுக்கு எதிராக அவர் எழுதவில்லை. நல்ல ஆய்வு வேண்டும், அதை வடிவமைக்கும் இடத்திலேயே நோயாளி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1996-இல் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை, ஆய்வில் பொதுமக்களை ஈடுபடுத்த ஒரு நிலைக்குழுவை அமைத்தது. இதுவே பின்னர் 'இன்வால்வ்' எனப்பட்டது. 2004-இல் தோன்றிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி ஒரு படி மேலே சென்று, எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்பதையே நோயாளிகளும் பராமரிப்பவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வழிசெய்தது.

தார்ன்டன், சாமர்ஸ், மருத்துவரும் இதழாளருமான இமோஜென் எவன்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய 'சிகிச்சைகளைச் சோதித்தல்' என்ற நூல் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. தனித்தனி முடிவுகளை எளிமையாக்கித் தருவதோடு அது நிற்கவில்லை. நேர்மையான சோதனை எப்படி நடக்க வேண்டும், ஏன் ஒப்பீட்டுக் குழு தேவை, தற்செயல் எப்படி ஏமாற்றும் என்பதைப் பொது வாசகருக்குக் கற்றுத் தந்தது. எம்எம்ஆர் விவகாரத்தில் எது இல்லாமல் மக்கள் தடுமாறினார்களோ அதைக் கொடுத்த நூல். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது.

நாளிதழ்ச் செய்திகளை மறுநாளே சரிபார்க்கும் வேலையையும் பிரிட்டிஷ் தேசியச் சுகாதாரச் சேவை மேற்கொண்டது. மியூர் கிரே 2007-இல் தொடங்கிய 'தலைப்புச் செய்திகளுக்குப் பின்னால்' என்ற பகுதி, செய்தியில் வந்த ஆய்வு எலிகளிடம் நடந்ததா மனிதர்களிடமா, எத்தனை பேரிடம், யார் பணத்தில் என்று எடுத்துச் சொன்னது. மிகைப்படுத்துவது பத்திரிகையாளர்களே என்ற பொது எண்ணத்தை 2014-இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு மாற்றியது. 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 உடல்நலச் செய்திக்குறிப்புகளைப் பெட்ரோக் சம்னரும் சகாக்களும் மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டனர். 40 விழுக்காட்டில் மூலக் கட்டுரையில் இருந்ததைவிட நேரடியான அறிவுரை சொல்லப்பட்டிருந்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றியவற்றுள் 36 விழுக்காட்டில் மனிதருக்கும் அது பொருந்தும் என்ற மிகை இருந்தது. செய்திக்குறிப்பு மிகைப்படுத்தினால் நாளிதழும் மிகைப்படுத்தியது; குறிப்பு அடக்கமாக இருந்தால் செய்தியும் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தது. பழியில் பெரும்பங்கு ஆய்வு நிறுவனங்களுடையது என்று ஆயிற்று.

ஒரு துண்டறிக்கை திருத்தப்பட்ட கதை

பிரிட்டனில் 50 வயதைக் கடந்த பெண்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அழைப்போடு வந்த துண்டறிக்கை எளிய நடையில், படங்களுடன் இருந்தது. மொழியில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை உள்ளடக்கத்தில் இருந்தது. பரிசோதனை உயிர் காக்கிறது என்று சொன்ன அந்தத் தாள், ஒருபோதும் தொல்லை தந்திராத கட்டிகளையும் அது கண்டுபிடிக்கிறது, அவற்றுக்காகவும் பெண்கள் அறுவைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் ஆளாகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. மிகை நோயறிதல் எனப்படும் இந்தத் தீங்கை மறைத்தது நியாயமில்லை என்று டென்மார்க்கின் பீட்டர் கோட்சே, லண்டன் அறுவை மருத்துவர் மைக்கேல் பாம் முதலியோர் 2009-இல் வெளிப்படையாக எதிர்த்தனர். சொன்னால் பெண்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்பது மறுதரப்பின் அச்சம்.

மைக்கேல் மார்மட் தலைமையில் அமைந்த தனிக்குழு 2012-இல் தன் மதிப்பீட்டைத் தந்தது. 50 வயதில் தொடங்கி 20 ஆண்டுகள் 10,000 பெண்களை அழைத்தால் மார்பகப் புற்றுநோயால் நேரும் 43 சாவுகள் தடுக்கப்படும். 129 பேர் மிகை நோயறிதலுக்கு உள்ளாவார்கள். காக்கப்படும் ஓர் உயிருக்கு, தேவையற்ற சிகிச்சை பெறுவோர் மூவர். 2013-இல் வந்த புதிய துண்டறிக்கை நன்மை, தீமை இரண்டின் அளவையும் அருகருகே வைத்தது. பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு என்றும் சொன்னது. புகையிலை அறிக்கையின் காலத்தில் வெளியிட்டவர் முடிவெடுத்துக்கொண்டு மக்களை இணங்கவைத்தார். இங்கே முடிவு படிப்பவருடையது ஆயிற்று. ஐம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்களில் மிக ஆழமானது இதுவே என்று சொல்ல வேண்டும்.

விதியும் அளவுகோலும்

எளிய சுருக்கங்கள் எழுதப்பட்டன. வாசகருக்கு அவை விளங்கினவா என்று சோதிக்கும் வேலை தாமதமாகவே தொடங்கியது. நார்வேயைச் சேர்ந்த கிளேர் கிளெண்டனும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காக்ரேன் சுருக்கங்களை மக்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். தனி ஆய்வுக்கும் பல ஆய்வுகளைத் திரட்டிய திறனாய்வுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குப் பிடிபடவில்லை. சான்றின் தரம் குறைவு என்றால் மருந்து பயன் குறைந்தது என்று பொருள் கொண்டார்கள். முடிவை முதலில் சொற்களில் சொல்லி, எண்களைத் துணையாகத் தருவதையே விரும்பினார்கள். காக்ரேன் கூட்டமைப்பு 2013-இல் வகுத்த எழுத்து நெறிகள் இத்தகைய கண்டறிதல்களை உள்வாங்கியவை: 400 முதல் 700 சொற்கள், கேள்வி, செய்த ஆய்வுகள், முக்கிய முடிவு, சான்றின் தரம் என்ற ஒழுங்கு.

தேவை எவ்வளவு என்பதை 2015-இல் கில் ரோலண்ட்ஸும் சகாக்களும் காட்டினர். இங்கிலாந்தில் உழைக்கும் வயதினருள் 43 விழுக்காட்டினர் வழக்கமான உடல்நலக் குறிப்புகளை முழுமையாகப் புரிந்து பயன்படுத்த இயலாதவர்கள். எண்களும் கலந்திருந்தால் இந்த அளவு 61 விழுக்காடு. தாய்மொழியிலேயே, கட்டாயக் கல்வி நூறாண்டு கடந்த ஒரு நாட்டின் நிலை இது.

பிரிட்டனின் தேசிய உடல்நல ஆய்வு நிறுவனம் 2014 முதல் விண்ணப்பங்களில் எளிய ஆங்கிலச் சுருக்கத்தின் தரத்தை வற்புறுத்தத் தொடங்கியது. 2022-இல் அது தன் பெயரில் பராமரிப்பையும் சேர்த்துக்கொண்டது. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நடக்கும் பராமரிப்பு பற்றிய ஆய்வு, அதைச் செய்யும் குடும்பத்தாருக்கே முதலில் விளங்க வேண்டும் என்பதால் எளிய மொழியின் தேவை அங்கே இன்னும் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் இயற்றி 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மருந்துப் பரிசோதனைச் சட்டம், பரிசோதனை முடிந்து ஓராண்டுக்குள் சாதாரண மக்களுக்கான சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்கிறது. அதில் இடம்பெற வேண்டிய பத்துச் செய்திகளையும் வரையறுக்கிறது. பக்கவிளைவுகள் அவற்றுள் ஒன்று.

கொரோனாத் தொற்று இந்தப் பயிற்சிக்கு வந்த தேர்வு. 2020 ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி பரிசோதனைக் குழு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு உயிர் காப்பதாக அறிவித்தது. வென்டிலேட்டரில் இருப்போரிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றதோடு நிற்காமல், அத்தகைய ஏறத்தாழ 8 பேருக்குக் கொடுத்தால் ஒரு சாவு தடுக்கப்படும், ஆக்சிஜன் மட்டும் பெறுவோரில் சுமார் 25 பேருக்கு ஒன்று என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியால் அரிதாக ரத்தம் உறைவது தெரிந்தபோது, கேம்பிரிட்ஜின் விண்டன் மையம் தயாரித்த வரைபடங்களை அதிகாரிகள் தொலைக்காட்சியில் காட்டினர். தொற்று குறைவாக இருந்த காலத்துக்கான கணக்கில், 20 முதல் 29 வயதினர் ஒரு லட்சம் பேரில் தடுப்பூசியால் தீங்குறுவோர் 1.1, தீவிர சிகிச்சையிலிருந்து தப்புவோர் 0.8, 60 முதல் 69 வயதினரில் தீங்கு 0.2, தப்புவோர் 14.1. முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு தடுப்பூசி தரப்பட்டது. 1995-இல் நடந்ததைப் போலவே ரத்தம் உறைதல் பற்றிய எச்சரிக்கைதான் இதுவும். இம்முறை எதனோடு ஒப்பிட்டு எவ்வளவு என்பது முதல் நாளிலேயே சொல்லப்பட்டது.

தமிழில்

இந்த வரலாற்றின் ஒரு கிளை தமிழ்நாட்டை எட்டியிருக்கிறது. காக்ரேனின் தெற்காசிய மையம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், உளநல மருத்துவர் பிரதாப் தாரியன் தலைமையில் இயங்கியது. 2007-இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் பணம் செலுத்தி, காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் எவரும் படிக்க வழி செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் துறைசார் தலைப்போடு பொதுமக்களுக்கான தலைப்பும் கேட்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விதிப்படி வந்த ஏற்பாடு இது. காக்ரேனின் எளிய மொழிச் சுருக்கங்களில் பலவற்றைத் தமிழிலும் படிக்கலாம். மூலத் திறனாய்வு ஆங்கிலத்தில் இருந்தாலும், கேள்வி என்ன, முடிவு என்ன, சான்று எவ்வளவு உறுதி என்பது தமிழ் வாசகருக்குக் கிடைக்கிறது.

ஆயினும் இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனைகள் விதிகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. தம் உடலைத் தந்து ஆய்வுக்கு உதவியவருக்கு அதன் முடிவையும் அவர் மொழியில், நன்மையின் அளவும் தீமையின் அளவும் சேர்த்து எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருப்பது போல் இங்கே இல்லை. அந்த ஒரு விதியைச் சேர்க்க இனியும் தாமதிக்கக் கூடாது.